நகராத பல்லி

பதினோரு வினாடிதான் அந்த வீடியோ.

பள்ளிக்கூடக் கழிப்பறை வாசலில் வாளியோடு ஒரு சிறுமி. உள்ளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு டீச்சர், சிறுமியை நோக்கிக் கையை நீட்டுகிறாள். பேச்சை எடுத்துவிட்டு, சோகப் பாட்டு ஒன்றைப் போட்டு, மேலே சிவப்பு எழுத்தில்: ‘மாணவியைக் கக்கூஸ் கழுவ வைத்த கொடூர ஆசிரியை!’

அந்த டீச்சர் ஜஸீமா அன்று சொன்னது, “உள்ள வராதே மகிழினி, வாளிய அங்கயே வெச்சிட்டு ஓடு.” ஊரில் யாருக்கும் அது கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. எண்ணூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளி. தலைமையாசிரியர் அறையில் நாற்காலி காலியாக இருந்தும் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணைக்கு வந்த கல்வி அதிகாரி கருணாகரன். பக்கத்தில் வியர்த்து வழிந்தபடி ஹெச்.எம். பக்தவச்சலம். சாம்பல் படிந்த ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கூட்டம், ஏழெட்டு செல்போன்கள்.

“லட்ச ரூபா சம்பளம், வருசத்துல பாதி நாள் லீவு. இதுங்களுக்கு இன்னா பேஜாரு மாமு?”

“ஃபேனாண்ட குந்திகினு வாட்ஸப் பாக்கணும்ல!”

சிரிப்பு வெடித்தது.

மகிழினியின் அம்மா தாயம்மா கன்டெய்னர் யார்டில் கூட்டுகிறவள். நீல யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து மேஜையோரம் உட்கார்ந்திருந்தாள். “இன்னா டீச்சர், ஊரான் கலீஜ நான் வாரிகினு கீறது போதாதா? எம் பொண்ணும் வாரணுமா? அதுக்கா இஸ்கூலுக்கு அனுப்புறேன்?”

“உங்க பொண்ணு கழுவலம்மா. தண்ணி மட்டும் கொண்டாந்தா. கழுவினது நான். தினமும் நான்தான்.”

“எப்டி ரீல் வுடுது பாரு!” என்றது ஜன்னல்.

கருணாகரன் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தார். “இந்தம்மா புகார்ல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே சஸ்பென்ஷன். இல்லையா, தெரியாம செஞ்சிட்டேன்னு நீங்க மன்னிப்புக் கடிதம் குடுங்க மிஸ். நாலு நாள்ல ஊர் மறந்துடும்.”

“செய்யாததுக்கு எப்படி சார் எழுதறது? துப்புரவுப் பணியாளரே நாலு மாசமா வரல.”

“வரலையா? ஹெச்.எம். தினமும் ஆப்ல கழிப்பறை போட்டோ ஏத்துறாரே, பளபளன்னு!”

பக்தவச்சலம் அவள் காதருகே குனிந்தார். “ஜூன்ல ரிடையர்மென்ட்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா...”

மூச்சில் புளித்த காபி வாடை. ஜஸீமா விலகிக்கொண்டாள்.

மேஜையிலிருந்த பள்ளி டேப்லெட்டை எடுத்து அதிகாரி முன் நீட்டினாள். “நேத்து போட்டோ பாருங்க சார். சுவத்துல என்ன இருக்கு?”

“பல்லி.”

“முந்தாநாள்?”

“பல்லி...”

“பொங்கல் லீவுக்கு முன்னாடி? தீபாவளிக்கு அடுத்த வாரம்?”

அவர் விரல் வேகமாகத் தள்ளியது. அதே பல்லி. அதே இடம். அதே வளைந்த வால். பணியாளர் கடைசியாக வந்த நாளில் எடுத்த ஒரே படத்தை, தினமும் காலையில் பிரேயருக்கு முன் பக்தவச்சலம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“இத்தனை நாளா யாருமே பாக்கலையா சார்?” ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த பச்சை எழுத்தை அவள் தொட்டுக் காட்டினாள். சரிபார்க்கப்பட்டது: கருணாகரன்.

அதிகாரி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். குரல் தேனாக இறங்கியது. “இதெல்லாம் இப்ப எதுக்கு மிஸ்? நீங்க லெட்டர குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

“கக்கூஸு எங்க கீது?” தாயம்மா எழுந்து வெளியே போனாள்.

ஜஸீமா அந்தப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவாகி இரண்டு நாள். இருநூறு பிள்ளைகள். ஒரு நிமிடத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது.

தாயம்மா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. “இதையா நீ தெனிக்கும் கழுவுன? இன்னாத்துக்கு?”

“பெரிய பொண்ணுங்க தூரமான நாள்ல லீவு போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தி ஒரேயடியா நின்னுட்டா.”

தாயம்மா புகார்க் காகிதத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள். மூலையில் கிடந்த கழிப்பறை பிரஷ்ஷை எடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“எந்திரி சார். யோவ் ஹெச்செம்மு, நீயும் வா நைனா. இன்னிக்கு போட்டோ பல்லி இல்லாம எடுக்கலாம்.”

ஜன்னல் அலறியது. “மூஞ்சிக்கு நேரா எடு மச்சி! பாட்டு எது போடலாம்?” அதே செல்போன்கள். அதே குஷி.

ஜஸீமா வெளியே வந்தாள். ஒருவன் கேமராவோடு குறுக்கே நின்றான். அந்தப் பதினோரு வினாடியை எடுத்த வல்லரசு. “மிஸ், ரெண்டு வார்த்த பேசு மிஸ். தங்கமான டீச்சருன்னு போடறேன்.”

“பழச அழிச்சிட்டியா?”

“அது நாலு லட்சம் பேர் பாத்துட்டான் மிஸ்...” அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். “அத எப்டி அழிக்கிறது?”

அவள் குழாயடிக்குப் போனாள். கழிப்பறையைக் கழுவிய நாளில்கூடக் கைக்கு இவ்வளவு சோப்பு போட்டதில்லை.