கடைசி இரண்டு விரற்கடை

துணியில் குற்றம் கண்டுபிடிப்பதில் சுந்தரேஸ்வரியை வெல்ல ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆளில்லை. அது அவளுடைய சொந்தக் கணிப்பு. இருபது வருடமாக உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவள். கணவனின் சட்டையில் ஒரு தையல் விலகினாலும் சோறு போடும்போதே சொல்லிவிடுவாள்.

பக்கத்துத் தெருவில் பென்ஜமின் கைவினைப் பொருட்கள் விற்கிறார். போன வருடம் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு பெட்டித் துணியைக் கொண்டுவந்து அவளிடம் அபிப்பிராயம் கேட்டார். மாயா இனப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் நெய்தது. ஒவ்வொரு துணியிலும் நெய்தவளின் பெயர்ச்சீட்டு இருந்தது. மற்றவர்கள் முனையை வெட்டிக் குஞ்சம் விட்டிருந்தார்கள். தோமசா என்பவளின் மூன்று துணிகளில் மட்டும் குஞ்சம் இல்லை. ஒரு முனையில் இரண்டு விரற்கடைக்கு நெசவு இறுகிக் கோணலாகக் கிடந்தது.

"முடிக்கிற இடத்தில் அலட்சியம்" என்று சுந்தரேஸ்வரி ஜெர்மன் மொழியில் தீர்ப்பு வழங்கினாள். பென்ஜமின் மூன்றையும் திருப்பி அனுப்பினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளை அல்ல.

இந்தச் சனிக்கிழமை சங்கத்திலிருந்து ரொசாலியா வந்து, பென்ஜமினின் கடைத் தூணில் தறியின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையின் வாரை இடுப்பில் மாட்டி நெய்து காட்டினாள். பள்ளியில் ஸ்பானிய மொழி படித்த மகள் தக்சாயினி, தாயின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முடிக்கிற இடத்திலை நூல் சுத்தின குச்சி நுழையாதாம், அம்மா. ஊசியாலை ஒவ்வொரு இழையாக் கோர்க்கோணுமாம். இரண்டு விரற்கடைக்கு இரண்டு நாள். ஏலாத ஆக்கள் வெட்டிக் குஞ்சம் விட்டிடுவினமாம். விடாமல் முடிச்சது தோமசா ஒராள்தானாம்."

"முடிச்சதோ? இப்ப?"

"துணி இங்கையிருந்து திரும்பிப் போனாப்பிறகு தறியைத் தொடேல்லையாம். பட்டணத்திலை ஒரு வீட்டிலை வேலைக்கு நிக்கிறாவாம்."

சுந்தரேஸ்வரி எழுந்துபோய்ப் பென்ஜமினிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "பிழை என்று சொன்னது நான்தான். அது பிழையே இல்லை என்று ரொசாலியாவிடம் சொல்லுங்கோ." உண்மை தெரிந்தால் தோமசா ஒருவேளை தறிக்குத் திரும்பக்கூடும்.

பென்ஜமினின் முகம் சிவந்தது. ரொசாலியாவிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அவள் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு எழுந்து சுந்தரேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, நீங்கள் சொன்னதை அவர் சொல்லேல்லை," என்று தக்சாயினி கிசுகிசுத்தாள். "தோமசான்ரை நெசவு உங்களுக்கு நல்லாப் பிடிச்சதெண்டுதான் சொன்னவர். நான் சொல்லட்டோ?"

கடைக்குள் நின்றவர்களில் பாதிப்பேர் சுந்தரேஸ்வரியிடம் உடுப்புக் கொடுப்பவர்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"வேண்டாம் பிள்ளை. விடு."

ரொசாலியா மேலும் ஏதோ கேட்டாள்.

"நீங்கள் மெச்சினதைத் தோமசாட்டைச் சொல்லலாமோ எண்டு கேக்கிறா."

சுந்தரேஸ்வரி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.