தமயந்தி தூங்கிய ஒரு மணி நேரம்

கார்மென்ட்ஸில் அறுபது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் தமயந்தி. அவள் முறைத்தால் மேனேஜரே போன் பேசுவது போல நகர்ந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவள் பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டால் மட்டும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடுவாள். இரண்டு தடவை ஓடியும் இருக்கிறாள். கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிய பிறகு, பெங்களூரு பிரேசர் டவுன் டாக்டர் தீபிகா ஒரு வழி சொன்னார். பயம் தெரியாமலிருக்க ஒரு மாத்திரை. அரைத் தூக்கமாக இருக்கும், நடந்தது பிறகு ஞாபகம் இருக்காது. வீட்டு ஆள் ஒருவர் மட்டும் கட்டாயம் கூட வர வேண்டும்.

புருஷன் சந்திரசேகரன் பஸ் டிரைவர், லீவு கிடைக்கவில்லை. மனுஷன் பெண்டாட்டியைக் கேட்காமல் மச்சினிக்கு போன் போட்டுவிட்டார். கிளினிக் வாசலில் தங்கை விஜி நிற்பதைப் பார்த்ததும் தமயந்திக்குப் பல்வலியே மறந்துபோனது.

ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா செத்த அன்று பொம்மனஹள்ளியிலிருந்து கிளம்பிய விஜி, சில்க் போர்டு டிராபிக்கில் மாட்டிக்கொண்டாள். "இருபது நிமிஷம்க்கா, மொகத்த மட்டும் பாத்துடறேன்" என்று போனில் அழுதாள். மின்மயானத்தில் கொடுத்த நேரம் தப்பிவிடும் என்றார்கள். எல்லோரும் மூத்தவளைப் பார்த்தார்கள். "எடுத்துடுங்க" என்றாள் தமயந்தி. விஜி வந்து இறங்கியபோது அப்பாவை எடுத்துப்போய், வாசலையும் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த ஈர வாசலை நினைத்தால் தமயந்திக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனாலும் மன்னிப்பு கேட்க வாய் வந்ததில்லை.

"தண்ணி" என்று விஜி பாட்டிலை நீட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சுவர்கள் மெத்தென்று ஆயின. டாக்டரின் குரல் எங்கோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. நாற்காலி மெல்ல நகர்ந்து சில்க் போர்டு பாலத்துக்கடியில் போய் நின்றது. அங்கே ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கனவு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நடு ரோட்டில் பாடையை இறக்கி வைத்துவிட்டுத் தூக்கி வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னார். "அவ வரட்டும், இன்னா அவசரம்" என்றார். மழைக்கு முந்தின மஞ்சள் வெளிச்சம். வண்டிகளுக்கு நடுவே விஜி நடந்து வந்துகொண்டே இருந்தாள். எவ்வளவு நடந்தும் அவள் வந்து சேரவில்லை, காத்திருந்த யாருக்கும் அலுக்கவும் இல்லை. தமயந்தி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண் விழித்தபோது பல் போயிருந்தது, வாயில் பஞ்சு இருந்தது. பக்கத்தில் விஜி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தான் இறுக்கிப் பிடித்திருப்பது தமயந்திக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"எதனா பேசினனா?"

"எங்க சும்மா இருந்த? டாக்டரம்மா பல்லப் புடுங்கறதுக்குள்ள படாத பாடு பட்டாங்க."

"இன்னா பேசினேன்?"

"மன்னிப்பு கேட்ட. நாலஞ்சு வாட்டி."

தமயந்திக்கு நெஞ்சு லேசானது. ஆறு வருஷத்து வேலை முடிந்தது, அதுவும் வலிக்காமல்.

விஜி கையை விடுவித்துக்கொண்டாள். "அது நீ கேக்கல, மாத்திர கேட்டது. எனக்கு வேணாம். நீ கேப்பேன்னு தான் இத்தன வருஷம் இருந்தேன்." ஆட்டோ பார்க்க எழுந்தாள்.

தமயந்தி அவள் துப்பட்டாவை எட்டிப் பிடித்தாள். உதடு மரத்திருந்தது, நாக்கு புரளவில்லை. எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள்.

"நீ சிக்னல்ல நிக்கறது தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னேன். யாரும் என்ன கட்டாயப்படுத்தல. இருபது நிமிஷம் நில்லுங்கன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பாங்க. தப்புடி விஜி."

மோவாயில் ரத்தம் வழிந்தது. விஜி துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு அழுகை வந்தது.

"வாய மூடுக்கா," என்றாள், "ரத்தம் வருது."