மஞ்சள் கவுனில் நாலு பட்டன்

மதிப்பீட்டுக் கடிதத்தைத் தையல்காரி மூன்று தரம் படித்தாள். மூன்று தரமும் பதினொன்று என்றே இருந்தது. பன்னிரண்டு புள்ளி வாங்கினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஒரு துணையாள் போடுவார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு முடியாதோ அவ்வளவுக்கு அவ்வளவு புள்ளி. உலகத்தில் இப்படியும் ஒரு பரீட்சை.

"ஒரு மார்க்குல கோட்டை விட்டுட்டாளா? அப்பனை மாதிரியே பொண்ணு" என்றார் வீட்டுக்காரர். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தார், பாவம். அவள் சிரிக்கவில்லை.

ஆறு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். எதையும் பிடித்தால் விடமாட்டாள். பிறக்கும்போதே மூச்சுத் திணறி வந்தவள். மூளை முடக்குவாதம், ஆனால் லேசானதுதான் என்று டாக்டர் சொன்னார். யாருக்கு லேசு என்று அவர் சொல்லவில்லை. வலது காலை நுனிவிரலில் ஊன்றுவாள். வலது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆளில்லாத அறையில், சமதரையில், நன்றாகவே நடப்பாள். மணி அடித்து நாற்பது பிள்ளைகள் ஒரே வாசலில் முட்டி மோதும்போது முதலில் விழுகிறவளும் அவள்தான். வகுப்பு மாடியில், கழிப்பறை கீழே. படியிறங்கிப் போய்ச் சேருவதற்குள் வாரத்தில் மூன்று நாள் உடுப்பு நனைந்துவிடும். அதே படியில் உருண்டு முன்பல் இரண்டு போயிற்று.

"பால்பல்தானே, முளைச்சுடும்" என்றாள் தலைமையாசிரியை. அடுத்த மூச்சிலேயே, "துணைக்கு ஆள் வந்தா இருக்கட்டும்மா. இல்லேன்னா பரீட்சை லீவுக்கப்புறம் வீட்லயே வச்சுப் பாத்துக்கோங்க. நாளைக்கு மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

அந்தப் படியைப் பற்றி, கழிப்பறையைப் பற்றி, மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி கிடையாது. காலி அறையில் பத்தடி நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். பந்தைப் பிடிக்கச் சொன்னார்கள், விட்டாள். கடைசியாகப் பட்டன் போடச் சொன்னார்கள். அங்கேதான் அந்த ஒரு புள்ளி போயிற்று.

பட்டன் போடுவது கட்டெறும்பின் பெரிய பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் நிற்கவைத்துப் போட்டுக் காட்டுவாள். அந்தப் பெருமையில் பாதி அம்மாவுடையது என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் துணிக்கடையை ஒட்டின ஆல்டரேஷன் கடையில் வேலை. பட்டன் நுழையும் துளைக்கு அங்கே காஜா என்பார்கள். மகளுடைய எல்லா உடுப்பிலும் காஜாவை ஒரு நூலளவு பெரிதாக வெட்டி, படுக்கை வாட்டத்தில் எடுத்திருந்தாள். பட்டனைத் துணியோடு ஒட்டத் தைக்காமல், அடியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து மாதிரி எழுப்பியிருந்தாள், இடது கையால் பிடித்துத் தள்ளத் தோதாக. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வெளியாளுக்குத் தெரியாது.

மதிப்பீட்டு அதிகாரிக்கும் தெரியவில்லை. "சூப்பர்டா கண்ணு!" என்று சொல்லிக்கொண்டே 'உதவியின்றிச் செய்கிறாள்' என்று எழுதினாள். தாய்க்காரி அப்போது பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள், மடச்சி.

கடிதத்தோடு ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தாள். "மேடம், அது அவளுக்குன்னே நான் தைச்சதுங்க. வேற சட்டைன்னா அவளுக்கு வராது."

"வழக்கமா போடற டிரெஸ்லதான் வரணும்னு ரூல்மா. அதுல போட்டா போட்டதுதான்" என்றாள் அதிகாரி. கெட்டவள் இல்லை, பேனா வைத்திருக்கிறவள். "வேணும்னா மறுமதிப்பீடு எழுதிக் குடுங்க. அந்த ஒரு வரிய மட்டும் இன்னொரு தடவை பாத்துடலாம்."

கடையில் வாங்கின சட்டையைப் போட்டுக் கூட்டிப் போகலாம் என்றால், "இது என் டிரெஸ் இல்ல" என்று கட்டெறும்பு முதல் வாயிலேயே சொல்லிவிடுவாள். அவளை நடிக்கச் சொல்லவும் வழியில்லை. அந்த வாயில் ரகசியம் ஒரு நிமிஷம் தங்காது. அதனால் தாய் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு தப்பைத்தான் அவள் செய்தாள்.

முதலாளி சாப்பிடப் போன மத்தியான வேளையில் மகளின் மஞ்சள் கவுனை எடுத்து மடியில் போட்டாள். நாலு பட்டனின் கழுத்தையும் பிரித்துத் துணியோடு இறுக்கித் தைத்தாள். நாலு காஜாவிலும் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு தையல் போட்டுச் சிறிதாக்கினாள். அதே மஞ்சள் நூல். கை பழகின வேலை, கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

காலையில் கவுனைத் தலைவழியாக மாட்டிவிட்டு, "பட்டன் அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்றாள்.

அதே அறை, அதே நாற்காலி. பெற்றோர் பின்னால் உட்கார வேண்டும், பேசக் கூடாது, தொடக் கூடாது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம். போடு கண்ணு."

கட்டெறும்பு திரும்பி அம்மாவைப் பார்த்து ஓட்டைப் பல்லோடு சிரித்தாள். பிறகு மேல் பட்டனைப் பிடித்தாள். பிடி கிடைக்கவில்லை. "இரு இரு" என்று பட்டனிடம் சொன்னாள். "இன்னிக்கு சேட்டை பண்ணுது ஆன்ட்டி" என்று அதிகாரியிடம் சொன்னாள். இரண்டாவது நிமிஷம் நாக்கு வெளியே வந்தது. மூன்றாவது நிமிஷம் கால் விறைத்துக்கொண்டது, வாயோரம் எச்சில் இறங்கியது. மேல் பட்டனை விட்டு அடுத்தது, அதை விட்டு அடுத்தது. வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். இடது கையால் அதை ஓங்கி அடித்தாள். "போடு! போடுன்னா போடு!"

பின்னால் தாய் சேலை முந்தானையைப் பிசைந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை அழாது. சொன்னால் அந்தப் புள்ளி போய்விடும், பள்ளிக்கூடமும் போய்விடும். அப்போது கட்டெறும்பின் இடது கை, கடைசிப் பட்டனின் ஓரத்தைக் காஜாவுக்குள் நுழைத்தேவிட்டது. அரைப் பட்டன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஐயோ போட்டுடக் கூடாது, கடவுளே, இவ போட்டுடக் கூடாது என்று தாய் வேண்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். கடவுள் அன்றைக்குப் பார்த்துக் காது கொடுத்தார். பட்டன் நழுவி வெளியே வந்தது.

"டைம் ஆச்சு கண்ணு."

"அம்மா" என்றாள் கட்டெறும்பு, திரும்பாமலே. "என் கை கெட்டுப் போச்சு."

அதிகாரி எழுதினாள். கட்டெறும்பு எழுந்து போய் மேசையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்தாள். "என்ன எழுதறீங்க?"

"உன்னால முடியலன்னு எழுதறேன். அப்பதான் ஸ்கூல்ல உனக்கு ஒரு அக்கா வருவாங்க" என்றாள் அதிகாரி, அன்பாகத்தான்.

அக்கா வந்தாள், நல்ல பெண். மணி அடித்தால் கூட்டம் கலையும்வரை பிடித்து நிறுத்தி, கையைப் பிடித்துப் படியிறக்கினாள். நனைந்த உடுப்போடு பிள்ளை வீட்டுக்கு வருவது நின்றது. தலைமையாசிரியை இப்போதெல்லாம் தாயைப் பார்த்துச் சிரிக்கிறாள். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

மஞ்சள் கவுனை மறுநாளே பிரித்து, காஜாவை முன்னைவிடப் பெரிதாக வெட்டித் தைத்திருந்தாள். கட்டெறும்பு அதன் பட்டனைத் தொடவில்லை. ஒரு மாதம் கெஞ்சியும் தொடவில்லை. கடைசியில் தாய் தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "அம்மாதான்டி காஜாவ தைச்சு சின்னதாக்கினேன். தப்பு என் மேல. உன் கை நல்ல கைடி, தங்கம்."

உன் கை நல்ல கை என்று கட்டெறும்பு பிறந்த நாளிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"பொய் சொல்லாதம்மா. அந்த ஆன்ட்டி எழுதிட்டாங்க" என்றாள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மேல் பட்டனை அம்மா போடுவதற்கு வசதியாக, மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.