உப்புக் கரிக்காத கடல்

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கண்ணும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். பலகையில் எழுதியிருந்தால் போதும், நம்பிவிடும். நம்பியதும் அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் பிடிக்கும்.

என் மகன் கிருபனும் அந்த ரகம்தான். கனடாவின் வட கரையில், 'ஆர்க்டிக் சமுத்திரம்' என்று எழுதிய பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் அங்கே படம் பிடிக்கப் போகவில்லை. அன்று ஆடி அமாவாசை. செத்த தகப்பனுக்கு, என் அப்புவுக்கு, எள்ளும் தண்ணீரும் கடலில்தான் இறைக்கவேண்டும். ரொறன்ரோவில் இருப்பதோ ஏரி. எங்கள் மல்வேர்ன் பக்கத்து ஆட்கள் அதில் முங்கிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். நானும் வருசா வருசம் முங்கினேன், மனம் ஒப்பாமல். அப்புவுக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? இதைச் சொல்லிச் சொல்லியே மகனின் உயிரை எடுத்தேன். கிழக்கே ஹலிபக்சிலும் கடல் இருக்கிறதாம். ஆனால் அவனுக்கு வடக்கைப் பார்க்க ஆசை, என்னைச் சாக்காக வைத்து இங்கே கூட்டிவந்துவிட்டான்.

இடம் வடிவுதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். மணல் கிடையாது, கண்ணுக்கெட்டியவரை கூழாங்கற்கள். சாம்பல், சிவப்பு, கறுப்பு. அலை திரும்பிப் போகும்போது எல்லாம் சேர்ந்து கலகலவென்று உருண்டன. நடுவில் வெளுத்துப்போன மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடந்தன. மரமே இல்லாத ஊரில் மரக்கட்டை எங்கிருந்து வந்தது? அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தேன். கரிக்கவில்லை.

"உது கடல் இல்லை."

"அப்பா, போர்ட்டைப் பாருங்கோ!"

"போர்ட்டை ஆரும் நடலாம். தண்ணியைக் குடிச்சுப் பார்."

கட்டையொன்றில் குந்தியிருந்த உள்ளூர்க் கிழவரிடம் கிருபன் போய்க் கேட்டான். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய ஆறொன்று பக்கத்தில் வந்து விழுகிறதாம். கட்டைகளும் அதில்தான் வருகின்றனவாம். உப்பு வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சத் தூரம் நீந்திப் போகட்டுமாம்.

"பாத்தியே, ஆத்துத் தண்ணி!" என்றேன்.

மருமகள் நிரூபாவுக்குப் பொறுமை போய்விட்டது. தங்கியிருந்த வீட்டில் விடியவே எழும்பி மரக்கறி சமைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் இறைத்துவிட்டுச் சாப்பிட்டால்தான் மற்றவர்களுக்கும் சாப்பாடு. காரிலிருந்து காஸ் அடுப்பைத் தூக்கிவந்து, அந்தத் தண்ணீரைச் சட்டியில் விட்டு வற்றக் காய்ச்சினாள். அடியில் வெள்ளையாய் ஏதோ படிந்தது.

"நக்கிப் பாருங்கோ மாமா."

நக்கினேன். லேசாகக் கரித்த மாதிரித்தான் இருந்தது. விடுவேனா?

"எங்கட தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலுக்குள்ளயும் உப்பிடித்தான் வெள்ளை பிடிக்குது பிள்ளை. அதுக்காக மல்வேர்ன் பைப்புத் தண்ணி கடலோ?"

கிருபன் கையெடுத்துக் கும்பிட்டான். "பசிக்குது அப்பா. இறங்குங்கோ. நாளைக்கு அமாவாசை இல்லை."

அதுதான் என்னைக் குத்தியது. சந்தேகத்தோடு இறைத்தால் பாதியாவது போய்ச் சேரலாம். இறைக்காவிட்டால் அப்புவுக்கு இந்த வருசம் ஒன்றுமே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். கற்கள் உள்ளங்காலைக் குத்த, நொண்டி நொண்டி இடுப்பளவு ஆழத்துக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன்.

அது குளிரில்லை, நெருப்பு.

"ஐயோ, அப்பூ!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். கரையில் ஒரே சிரிப்பு.

"இவ்வளவு சத்தமாக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்டிருக்கும் மாமா!" என்றாள் நிரூபா.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல் கிடுகிடுக்க எள்ளைத் தண்ணீரோடு அள்ளி இறைத்தேன். ஏரியில் எள் காலடிக்கே திரும்பி வரும். இங்கே அலையோடு போனது போனதுதான்.

கிழவர் தன் கம்பளியைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார். கடலைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"இப்பவாவது நம்புறியளோ?" என்று கிருபன் கேட்டான்.

"முதல் சோத்தைப் போடச் சொல்லு."

காரை நோக்கி நடந்தேன். பலகையைக் கடக்கும்போது, ஒருவரும் பார்க்காத நேரம், நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தேன்.

ம்ஹூம். கரிக்கவில்லை.