நாற்பத்தொன்றாம் ஆவணம்

அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரியாது. தெரிந்தால் கூப்பிட்டுக் கை கொடுக்கலாம், அவ்வளவு பொருத்தம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சம்பளம் வாங்காமல் கூடி எழுதும் மென்பொருள் அது. திரையில் விசைப்பலகையைக் காட்டும், எழுத எழுத அடுத்த வார்த்தையை ஊகித்துக் கொடுக்கும். அதற்குப் பல வருடங்கள் அவர்தான் எல்லாம். யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம், கதவு திறந்தே இருக்கிறது என்று முகப்பில் எழுதியிருப்பார்கள். கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது உள்ளே வந்து மூக்குடைபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

விதிகளையும் அவரே எழுதினார். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் வடிவமைப்பு ஆவணம் எழுத வேண்டும்: என்ன வேண்டும், ஏன் வேண்டும், எப்படிச் செய்வது. மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த ஆவணம் 'சுடுகாடு' என்ற கோப்புறைக்குப் போய்விடும். பெயர் அவர் வைத்ததுதான்; வைத்துவிட்டுத் தானே சிரித்தும் கொண்டார். கூட்டத்தில் ஆட்சேபம் இருப்பவர் அங்கேயே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் குறிப்பில் ஏறும். 'முடிந்த பேச்சு' என்று முத்திரை விழுந்த எதையும் வேறு எண் போட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரக் கூடாது. முத்திரை குத்தியவரே கூட்டத்தில் தன் வாயால் வாபஸ் வாங்கினால்தான் உண்டு. குத்தியவர் எப்போதும் அவர்தான் என்பதால், கடைசியாகச் சொன்ன விதியின் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

பிறகு நோய் வந்தது. முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் நாக்கு. வேறு வேலை இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. பரிதாபப்படுகிறவர்களை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. தன்மேல் ஒருவன் பரிதாபப்படுவதை நினைத்தாலே உடம்பு கூசியது. அசையாத உடம்பும் கூசத்தான் செய்கிறது.

இப்போது ஜன்னலோரக் கட்டில். தலைக்கு மேலே இரும்புக் கையில் ஒரு திரை, அதன் அடியில் கண்மணியைப் பார்க்கும் சின்னக் கேமரா. எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து விழும். வார்த்தை சேர்ந்ததும் கருவி உரக்கப் படிக்கும், இணையத்துக்கும் அனுப்பும். ஆஸ்பத்திரி கொடுத்த கருவி. முத்திரை வைத்துப் பூட்டியது. உள்ளே ஓடுவது அவருடைய அதே விசைப்பலகை மென்பொருள். திட்டக்குழு முறைப்படி வெளியிடும் பதிப்பைத் தவிர வேறு ஒரு வரியைக்கூட அதில் நுழைக்க முடியாது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வேறொருவனுக்கு இது நடந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அந்த மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. கண் சற்று நேரம் எந்த எழுத்திலும் நிற்காமல் போனால், ஆள் பேசி முடித்துவிட்டார் என்று அது முடிவு கட்டிவிடும். முழு வார்த்தைகள் இருந்தால் அதோடு அனுப்பிவிடும். அரை வார்த்தை மட்டும் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் வழக்கமாகச் சொல்லும் பதிலைத் தானாக அனுப்பும். அவர் வழக்கமாகச் சொல்லும் பதில் 'சரி'. வாழ்நாளில் யாருக்கும் சரி சொல்லாத மனிதர்; படுத்த பிறகு, குறைந்த கண்ணசைவில் முடிகிற வார்த்தை அதுதான் என்பதால் மனைவியிடம் நாள் முழுக்கச் சரி, சரி என்றிருந்தார். கருவி அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

கண்ணும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் கருவிக்குப் பொறுமை போய்விடும். என்னங்க, தண்ணி தரவா என்று மனைவி கேட்பாள். வேண்டாம், ஜன்னலைச் சாத்து, வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்ல அவர் முதல் எழுத்தைப் பிடித்து இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கருவி சரி என்றுவிடும். குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும். வெயில் அங்கேயே நிற்கும்.

ஒரு நாள் அவள் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எத்தனை வருஷம் உங்ககிட்ட ஒரு சரி வாங்க நான் என்ன பாடு பட்டிருப்பேன். இப்பப் பாருங்க, எது கேட்டாலும் சரிங்கிறீங்க. இவ்வளவு நல்ல மனுஷனா மாறுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

பக்கத்து அறைக்குப் போய்த் தங்கையிடம் போனிலும் இதையே சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள். அது அவருக்கு நோயைவிட வலித்தது.

கண் இன்னும் கொஞ்சம் தளர்ந்தால், தன் வாயாக மிஞ்சியிருப்பது அந்த ஒற்றை வார்த்தைதான் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. அதனால் கண்ணில் பலம் இருந்தபோதே வாரக்கணக்கில் உட்கார்ந்து, உட்கார்ந்து என்பது பழக்கதோஷம், படுத்தபடி ஒரு ஆவணம் எழுதினார். ஆள் தானே முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை கருவி காத்திருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக அது ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அவர் எழுதியதிலேயே சுத்தமான ஆவணம் அது. அடுத்த பதிப்பில் ஏறிவிட்டால் பேச்சு பிழைத்துக்கொள்ளும். அதற்கடுத்த பதிப்புவரை கண் தாங்காது.

இடையில் திட்டத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்திருந்தாள். எல்லோரும் அலமாரி என்றார்கள். குப்பைமேடாகக் கிடந்த ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுதியவர் யார், கேள்வி கேட்டவர் யார், எதனோடு எதற்குச் சம்பந்தம், கடைசியில் என்ன ஆயிற்று என்று தலைப்பில் குறித்து அடுக்கிவைத்தாள். சுடுகாடு என்ற பெயரை எடுத்துவிட்டு 'பதில் வராதவை' என்று மாற்றினாள். கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்த கத்தரிக்கோலுக்குச் சுருக்கென்றது. என் வீட்டுப் பலகையை எடுத்துப்போட இவள் யார் என்று நினைத்துக்கொண்டார். யாரென்று ஞாபகமில்லை. அவர் வெட்டியவர்களின் முகங்களை அவர் வைத்துக்கொண்டதில்லை.

ஆவணத்துக்குக் கேள்விகள் வந்தன. அவர் பதில் எழுதினார். கருவி அதைத் துண்டு துண்டாக அனுப்பியது. 'நீங்கள் கேட்பது' என்று ஒரு பதில். நெடுநேரம் கழித்து, 'தவறு ஏனென்றால்' என்று இன்னொன்று. அதற்குப் பிறகு மூன்று முறை 'சரி'. பழைய ஆட்கள் திமிர் என்றார்கள். புதியவர்கள் குடித்துவிட்டு எழுதுகிறாரோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.  அலமாரி அவருக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்.

"எங்கம்மா கடைசி மாசத்துல அனுப்பின மெசேஜ் எல்லாம் இப்படித்தான் பாதியில நிக்கும். நடுநடுவுல சரி சரின்னு வரும். நீங்களும் அந்த மாதிரி மெஷின்லதான் எழுதுறீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நான் எல்லார்கிட்டயும் பேசிக்கிறேன்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் எல்லாம் நின்று, எல்லோரும் அவருக்காகக் காத்திருந்திருப்பார்கள். ஐயோ பாவம் என்றும் சொல்லியிருப்பார்கள், அதுதான் இடித்தது. காலை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு, பல்லைக் கடிக்கவும் முடியாமல், கருவி தட்டிவிடும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொடங்கி, நடுவில் தானாகப் போய்விட்ட சரிகளுக்குப் பிறகு, அந்தப் பெண்ணுக்கு அவர் ஒரு முழு வார்த்தையை அனுப்பி முடித்தார். 'இல்லை.'

அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. நல்லது, அப்படியானால் விதிப்படி பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள்.

ஆவணங்களை முடிவுசெய்யும் கூட்டம் மறுநாள் காலையில் இருந்தது. மனைவி திரையை நேராக்கிவிட்டு, அவர் கண்ணோரத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, துணி உலர்த்தப் போனாள். கத்தரிக்கோல் வழக்கம்போலத் தன் முகத்தையும் குரலையும் மறைத்துவைத்திருந்தார். கூட்டத்தில் அவர் பேச்செல்லாம் திரையோரத்து எழுத்துப் பெட்டியில் வருவதுதான். இப்போதைய தலைவர் ஒரு பயந்த சுபாவக்காரர், சண்டை என்றால் ஓடிவிடுவார். சமாதானம் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு மூன்று சில்லறை விஷயங்களை முடித்துவிட்டு அலமாரியைப் பேசச் சொன்னார்.

ஆவணங்களை ஒழுங்கு செய்தபோது ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்தேன் என்று அவள் தொடங்கினாள். கத்தரிக்கோல் இப்போது கேட்பதையே பல வருடங்களுக்கு முன் இன்னொருவர் கேட்டிருக்கிறார். எண் நாற்பத்தொன்று. அவள் அதைத் திரையில் காட்டினாள்.

அவர் படித்தார். நாற்பத்தொன்று அவருடையதைவிட எளிமையாக இருந்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு அம்மாவுக்காக மகள் எழுதியது: அம்மாவின் கண் மெதுவாக நகர்கிறது, தயவுசெய்து அவர் முடிக்கும்வரை காத்திருக்கும்படி செய்யுங்கள். அதன் கீழே கத்தரிக்கோலின் ஏழெட்டுக் கேள்விகள். இரண்டு வாரத்துக்குள் பதில் இல்லை. அப்புறம் மகள் வந்திருக்கிறாள். அம்மா இறந்துவிட்டார், அதனால்தான் தாமதம், அம்மாவைப் போல மற்றவர்களும் இருப்பார்கள், மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் எழுதிய பதிலும் அப்படியே இருந்தது.

'சொல்ல வேண்டியவர் நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டு விஷயமெல்லாம் விதிக்குத் தெரியாது. தவிர, நோயாளிகளுக்குச் சொல்ல இருப்பதே நாலு வார்த்தை. அதை நாமே ஊகித்துக் கொடுத்தால் போதும். முடிந்த பேச்சு.'

எழுதியவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்தார். இப்போது பேசிக்கொண்டிருந்தவளின் படத்துக்குக் கீழேயும் அதே பெயர். அலமாரி. அதை எழுதியபோது தான் என்ன நினைத்தோம் என்று தேடிப் பார்த்தார், ஒன்றும் நினைக்கவில்லை. அதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

"அப்ப இதை மூடிட்டு அந்தப் பழைய ஆவணத்தோட சேர்த்துடணும்," என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அந்த முத்திரையை எடுக்கணும்னா குத்தினவரே கூட்டத்துல வாபஸ் வாங்கணும். இது அவர் எழுதின விதிதான். அவரும் கூட்டத்துல இருக்காரு. சார், உங்க பழைய முடிவை அப்படியே வெச்சுக்கலாமா?"

வாபஸ் என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதை எழுதத் தயாராக இருந்தார். மானம் மரியாதை எல்லாம் போகட்டும் என்றிருந்தது. கண்ணை இழுத்துக்கொண்டுபோய் முதல் எழுத்தில் வைத்தார். விழுந்தது. இரண்டாவது எழுத்து திரையின் அடுத்த ஓரத்தில் இருந்தது. கண் பாதி வழியில் நின்றது. கருவி அரை வார்த்தையைத் தூக்கிப் போட்டது.

"சரின்னு போட்டிருக்காரு," என்று சமாதானம் நிம்மதியாகப் படித்தார். சண்டையில்லாமல் முடிந்ததே என்று அவருக்கு.

அலமாரி உடனே அடுத்த விஷயத்துக்குப் போகவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள். மறுமுனையில் என்ன நடக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சரியை எத்தனையோ தடவை கேட்டவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரும் பார்த்தார். நிற்கச் சொல், கொஞ்சம் நிற்கச் சொல் என்று மனசுக்குள் கெஞ்சினார். அவர் கெஞ்சியதும் அதுதான் முதல்முறை.

"அந்தச் சரி நீங்க சொன்னதுதானே, சார்?"

இல்லை என்று எழுதப் போனார். ஆத்திரத்தில் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. நீர் திரண்ட கண்ணில் கருவிக்குக் கண்மணி தெரியாது. முதல் எழுத்தே விழவில்லையே, அதனால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும் என்று ஒரு கணம் நம்பினார். கலங்கிய பார்வையில் எங்கேயோ ஏதோ ஒரு எழுத்து விழுந்தது.

"சரி," என்று எழுத்துப் பெட்டியில் வந்தது.

அவள் அவருக்குக் கொடுத்த நேரம், கருவி கொடுக்கும் நேரத்தைவிட ஒரு நொடிகூட அதிகமில்லை. ஆட்சேபம் இல்லை, முடிந்த பேச்சு என்று குறிப்பில் ஏற்றினாள். அவர் ஆவணத்தின் தலைப்பு அவர் கண்ணெதிரே மாறியது. நாற்பத்தொன்றின் நகல். நிராகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. சமாதானம் எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

துணியை உலர்த்திவிட்டு மனைவி ஈரக்கையோடு உள்ளே வந்தாள். அவர் கன்னத்தில் வழிந்திருந்ததைப் பார்த்துப் பதறி, முந்தானையால் துடைத்தாள். திரையில் கடைசியாக இருந்த வார்த்தையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏத்துக்கிட்டாங்களா? அதான் சந்தோஷத்துல அழுறீங்களா? அப்பாடா. இத்தனை நாள் இதுக்காகத்தானே கண்ணைப் போட்டு இப்படி வருத்திக்கிட்டீங்க. இனிமே எதுக்கு இந்தத் திரையும் வெளிச்சமும். டாக்டரும் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாரு. நான் இதைக் கழட்டி உள்ள வெச்சிடட்டுமா?"

அவர் கண்ணைத் திரைக்கு இழுத்தார். முதல் எழுத்து விழுந்தது. அவள் பொறுமையாகத்தான் நின்றாள்.

"சரி," என்றது கருவி.

அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினாள்.