பெட்டிக்குள் வேறு கையுறை

பேருந்து எஞ்சின்களைப் பிரித்துக் கழுவும் அந்தப் பட்டறையில், பிசுக்கை அரிக்கும் காஸ்டிக் காரநீர் கொதிக்கிற தொட்டியடியில் இரண்டு பெண்கள்தான் வேலை. ஒருத்திக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வெடித்துத் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வாள். இன்னொருத்தி நேர்மாறு. நாலு பேர் சேர்ந்து திட்டினாலும் ‘சரிங்க’ என்பதோடு சரி. ஸ்டோர்கீப்பருக்குக் கொழுந்தியாள் என்பதால் ஊரே அவளைக் கொழுந்தியா என்றுதான் கூப்பிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா புருஷன். அந்த நன்றிக்கு அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, தொட்டியிலிருந்து கொக்கி போட்டுத் தூக்கிய சிலிண்டர் ஹெட்டை மேசையில் வைத்துப் பிசுக்கு வழித்துக்கொண்டிருந்தாள் பட்டாசு. பேச்சு பாதியில் நின்றது.

“கிளவுஸுக்குள்ள என்னமோ வழவழன்னு இருக்குடி.”

வழவழத்தால் காஸ்டிக் தோலைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொழுந்தியா அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். கறுப்புக் கையுறை விரலிடுக்கில் கிழிந்திருந்தது. கழற்றியபோது சுண்டுவிரல் தோலும் கூடவே உரிந்து வந்தது. பட்டாசு கத்தவில்லை. உரிந்ததைப் பார்த்தாள், அப்படியே மடங்கி விழுந்தாள்.

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, கொழுந்தியா பெட்டியிலிருந்து புதிதாக ஒரு கையுறையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபக்கம் தெரிந்தது. விரலால் குத்தினாள், நனைந்த காகிதம் போலப் பொத்துக்கொண்டது. பெட்டி என்னவோ வழக்கமான தடித்த கையுறையின் பெட்டிதான். அடிப்பக்கத்தை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

பெட்டியோடு ஸ்டோருக்குப் போனாள். மாமா விபத்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“நல்ல நேரத்துல வந்த. இதுல ஒரு கையெழுத்துப் போடு. பட்டாசு வெறுங்கையால வேலை செஞ்சான்னு எழுதியிருக்கேன்.”

“அவ கிளவுஸ் போட்டுத்தான் இருந்தா மாமா. நான்தான் கழட்டுனேன்.”

“நீ எதையும் பாக்கல.”

“சாப்பாட்டுக் கடைக்காரன் மாட்டிக்கிறதுகூட இதைவிடத் தடியா இருக்கும். நல்ல கிளவுஸெல்லாம் எங்க மாமா போச்சு?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவர் விட்ட முதல் அறையிலேயே அவள் காது அடைத்துக்கொண்டது. “உங்கக்கா முகத்துக்காக உன்னை உள்ள விட்டேன் பாரு” என்று முடியைப் பிடித்து இரும்பு அலமாரியில் மோதினார். நட்டும் போல்ட்டும் கொட்டின. நெற்றி ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட்டது. தடவிய கையில் எஞ்சினின் கனத்த இரும்புத் தண்டு, ஒரு கனெக்டிங் ராடு, அகப்பட்டது. அதால் அவர் முழங்காலில் ஓங்கி அடித்தாள். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் இருவருக்குமே கேட்டது.

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தொட்டிவரை தரதரவென்று இழுத்துப் போனாள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, குழந்தைக்குப் போட்டுவிடுவது போல, அவருடைய வலது கையில் விரல் விரலாக நுழைத்தாள்.

“நீங்க குடுத்த கிளவுஸ்தானே மாமா. எதுக்குப் பயப்படணும்?”

மணிக்கட்டு வரை தொட்டியின் காஸ்டிக் சுடுநீரில் அழுத்தினாள்.

பட்டாசு கத்தாமல் விட்டதையெல்லாம் அவர் கத்தினார். தெறித்த துளிகள் அவள் முழங்கையையும் பொசுக்கின. தன் கை செய்வதை அப்போதுதான் கண்டாள். சட்டென்று வெளியே இழுத்து, குழாயடியில் அவரைத் தள்ளி, கையுறையைப் பிய்த்தெறிந்து, தண்ணீரைத் திறந்தாள். எரிச்சலில் அவர் கையை உருவப் பார்த்தார். அவள் அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எடுக்காதீங்க மாமா. எலும்பு வரைக்கும் போயிடும்.”

ஃபோர்மேன் ஓடிவந்து இரும்புக் குழாயால் அவள் முதுகில் அடித்தான். விலா எலும்பு முறிந்தது. அவள் பிடி தளரவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி ஓடணும். அப்புறம் அடிங்க” என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. போலீஸ் வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பட்டாசுக்கு இரண்டு விரல்கள் போயின. மாமாவின் கை தேறவில்லை; விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. கொழுந்தியாவுக்கு மூன்று வருடச் சிறை.

அக்கா ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றாள்.

“அவருக்கு நான்தான் சோறு ஊட்டுறேன். சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிடணும்” என்றாள்.

“தெரியும்க்கா.”

“கட்டிலுக்கடியில நல்ல கிளவுஸையெல்லாம் வேற பெட்டியில போட்டு அடுக்கி வச்சிருந்தார். முப்பத்தொரு பெட்டி. அத்தனையும் நானே ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோய் போலீஸ்ல குடுத்துட்டேன். அதை அவர்கிட்ட வாங்குற கடையையும் சொல்லிட்டேன்.”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்காகச் செஞ்சேன்னு நினைச்சுக்காத” என்றாள் அக்கா. “உன்னை நான் மன்னிக்கல. அந்தப் பொண்ணோட கையைப் போய்ப் பாத்தேன், அதான்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.