தாகம் எடுத்த பேனாக்கள்

கணக்கு வாத்தியாரின் பழைய பேனாக்கள் முதன்முதலில் குடித்தது அவருடைய மாமியாரின் தலைமுடியிலிருந்த கறுப்பை. மகளைப் பார்க்க வந்த அம்மாள் மதியம் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் கண்ணயர்ந்தார். எழுந்தபோது தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. அது சாயம் என்பது ஏற்கெனவே ஊருக்கே தெரியுமாதலால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மட்டமான சரக்கு என்று சாயக் கடைக்காரனைத் திட்டிவிட்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

வாத்தியாருக்குப் பேனாப் பைத்தியம். பழைய சாமான் கடை, செத்துப்போன வக்கீல்களின் மேசை இழுப்பறை என்று ஓரிடம் விடமாட்டார். கொண்டுவந்து நிப்பைக் கழுவி, அதனடி நாக்கை வழித்து, கைக்குழந்தையைப்போல் துவட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். மை மட்டும் ஊற்றமாட்டார். ஊற்றினால் மதிப்பு போய்விடுமாம். வருஷக்கணக்கில் வாய் காய்ந்து கிடந்தவை வேறென்ன செய்யும், எட்டியதைக் குடித்தன. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு போயிற்று. யாரோ பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட பேனா ஒன்று பச்சையைத் தவிர வேறெதையும் தொடாது. ஜன்னல் திரையை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிளிக்குப் போனது. கிளி தன்னைப் புறா என்று முடிவுகட்டிப் பேச்சை நிறுத்திவிட்டது.

வாத்தியாரின் மனைவி தையல்காரி. சம்பளம் நேரே பழைய சாமான் கடைக்குப் போய்விடுவதால், அந்த வீட்டில் அடுப்பெரிவது அவள் மெஷின் ஓடுவதால்தான். பேனாக்கள்மேல் அவளுக்குப் பொறாமை உண்டு. என்றாலும் திரைக்கும் கிளிக்கும் அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் தைத்துக் கொக்கியில் மாட்டியிருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் சிவப்புப் பட்டு உடை, காலையில் பார்த்தால் வெள்ளைவெளேரென்று தொங்கியது. பெண் சாயங்காலம் வாங்க வருகிறாள். இந்த ஒன்று கெட்டால் இனி தெருவில் ஒருத்தியும் அவளிடம் துணி கொடுக்கமாட்டாள். அலமாரியில் தங்க வளையம் போட்ட பேனா ஒன்றின் வாயோரம் சிவப்பாக ஒரு சொட்டு நின்றது. பூட்டைக் கத்தரியால் நெம்பினாள். வாத்தியார் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அது தொண்ணூறு வருஷத்துப் பேனா. தொட்டா மதிப்பு போயிடும்."

"என்னை இருபது வருஷமா தொடுறீங்களே, என் மதிப்பு போயிடுச்சா?"

வாத்தியாருக்கு வெட்கம் வந்துவிட்டது. விலகிக்கொண்டார். அவள் நிப்பைப் பட்டின் ஓரத்தில் வைத்து ஒரு கோடு இழுத்தாள். சிவப்பு துணியெங்கும் தானாக ஓடிப் பரவியது, முன்னதைவிட ஒரு மாற்றுக் கூடவே. காலண்டரின் ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் கலந்துவிட்டதால், அதை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு அதன்பின் எந்தக் கிழமையிலும் வேலை ஓடுவதில்லை என்று கேள்வி.

வெளுத்த துணிகளோடு சனங்கள் தையல்காரியின் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். இப்போதெல்லாம் பழைய சாமான் கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போகிறார்கள். வாத்தியார் ஆசையாக எடுத்து நீட்டுவார். வாங்குவதா வேண்டாமா என்பது அவள் கையில். மற்றவர்கள் பேனா எழுதுமா என்று கேட்பார்கள். அவள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன குடிக்கும்?" என்பாள்.

கடைக்காரர் குனிந்து வெளுத்துப்போன தன் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"நீலம்தான், அக்கா."